காசிமேட்டு வீட்டிற்கு ஒரு நாய்

நம்மிடம் முன்னாளில் பயின்ற மாணவி ஒருத்தி இன்று காசிமேட்டில் குடியிருக்கிறாள். மூத்த பெண்ணுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு மூன்று. “டீச்சர், பிள்ளைகள் நாய்க்குட்டி வேண்டுமென்று அழுகிறார்கள். சமணர் வீட்டில் நாய் வளர்க்கலாமா? வளர்ப்பதானால் எந்த இனம் குழந்தைகளுக்கு ஏற்றது?” என்று கேட்டு எழுதியிருந்தாள். விடை எழுத நமக்கு ஒரு திங்கள் ஆயிற்று.

நாயை இழிவாக எண்ணியவர் அல்லர் நம் முன்னோர். அடியுண்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரம் ஓதியதையும், அது சுதஞ்சணன் என்னும் தேவனாகி அவனுக்கு உற்ற துணையானதையும் சிந்தாமணி வழி அறிவோம். ஆயினும் மந்திரம் ஓதுதல் வேறு, வீட்டில் வைத்து வளர்த்தல் வேறு. கொல்லாமை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். நாய் வளர்ப்போர் இவ்வைந்தையும் அறியாமலே செய்துவிடக்கூடும். டாபர்மன் நாயின் வாலையும் காதையும் அழகுக்கென்று அறுப்பாரும் உளர். நாய்க்கு ஏது பாரம் என்பீர்கள். மூன்று வயதுப் பிள்ளை அதன் முதுகில் ஏறி அமர்வதைப் பார்த்தவர் அவ்வாறு கேளார்.

இனத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் நம் நாட்டுச் செல்வங்களே. ஆனால் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டு, ஓடித் திரியப் பிறந்தவை. இரண்டறை வீட்டில் அவற்றை அடைப்பது தகுமோ? வெண்ணிறத்தையே விரும்பி நெருங்கிய உறவுக்குள் இணைத்ததால், ராஜபாளையக் குட்டிகளில் செவிடாய்ப் பிறப்பனவும் உண்டு. குளிர்நாட்டு ஹஸ்கியைச் சென்னை வெயிலில் வாட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டா. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. பழி நாயின்மேல் அன்று; அடக்க இயலாததை வைத்திருப்பவர் மேலதே.

ஆகவே விலைக்கு வாங்க வேண்டா, தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியே போதும் என்று எழுதினோம். தாய் நாயை முதலில் பார். மனிதரைக் கண்டு சீறாத தாயாக இருக்கட்டும். எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைப் பிரிக்காதே. மூலையில் ஒடுங்குவதும் வேண்டா, எல்லாவற்றையும் கடித்து இழுப்பதும் வேண்டா. வெறிநோய்த் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் தவறக் கூடாது. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடலாகாது என்பதைக் குட்டி வருமுன்பே பிள்ளைகளுக்குப் பழக்கு. மூன்று வயதுப் பிள்ளையை நாயுடன் தனியே விடாதே. முப்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்து ஆண்டவர்களுக்குத் தெரியும், ஒருமுறை சொன்னால் போதாது.

எஞ்சியது உணவு. துறைமுக நாய்கள் மீன் கழிவில் வளர்பவை. அவ்வினத்துக் குட்டிக்குத் தயிர்ச்சோறு இடுவது ஐந்தாம் அதிசாரம் ஆகாதா? நாய் தானியத்தையும் செரிக்க வல்லது. மனிதனோடு வாழ்ந்து அத்திறத்தைப் பெற்றது என்று 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் மரபணு வழியே காட்டினர். பால், பருப்பு, சோறு இவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அளவோடு கொடுக்கலாம் என்றோம். எழுதிய பின்னும் நமக்கு முழு நிறைவில்லை. நம் விரதம் நம்முடையது. அது நாய் ஏற்ற விரதம் அன்று.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் கழிவும் குறைந்து, இளைத்துப்போன தாய் நாய் ஒன்று அவள் வாசலுக்கு வந்ததாம். சோறு வைத்தார்கள். அதன் குட்டிகளுள் ஒன்றே இப்போது வீட்டில் இருக்கிறது.

சென்ற வாரம் மறுபடியும் கடிதம் வந்தது. சோற்றை விரும்பித்தான் உண்கிறதாம். ஆனால் விடியலில் கதவு திறந்ததும் துறைமுகத்திற்கு ஓடி, வாயில் மீன் நாற்றத்துடன் திரும்புகிறதாம். “கட்டிப்போடட்டுமா, டீச்சர்?” என்று கேட்டிருக்கிறாள். வெளியே லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை. கட்டுதலோ முதல் அதிசாரம். நாம் இன்னும் விடை எழுதவில்லை.