வீடு என்னுடையது, காணி எங்களுடையது

ஏழை ஒருவர் தமது வீட்டை விற்கும்போது, சந்தையில் கிடைக்கக்கூடிய முழு விலையையும் பெற அவருக்கு உரிமை உண்டா? "இதிலென்ன கேள்வி? அவருடைய வீடு, அவருடைய விலை" என்று வாசகர் பலர் உடனே கூறுவர். காணியையும் உறுதியையும் உயிருக்கு நிகராகப் போற்றும் குடும்பங்களிலே வளர்ந்த நமக்கு வேறுவிதமாக எண்ணுவது கடினமே. ஆயினும் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, ஏழைகள் தாமே கூடி, "முழு விலை எமக்கு வேண்டாம்" என்று தமக்கு விதி செய்துகொண்ட பகுதி ஒன்று உண்டு. அது நீதியானதா என்பதைச் சற்று ஆராய்வோம்.

றொக்ஸ்பெரியிலுள்ள டட்லி வீதிச் சுற்றாடலே அப்பகுதி. நகரின் மத்தியிலிருந்து இரண்டு மைல் தூரங்கூட இல்லை. கறுப்பின மக்கள், கேப் வேர்டே தீவுகளிலிருந்து வந்தோர், ஸ்பானிய மொழி பேசுவோர், எஞ்சியிருந்த வெள்ளையர் என நான்கு வகையினர் அங்கு கலந்து வாழ்ந்தனர். 1960களிலும் 70களிலும் வங்கிகள் அங்கு வீட்டுக்கடன் கொடுக்கத் தயங்கின. வசதி படைத்தோர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். வாடகையால் இனிப் பயனில்லை என்று கண்ட சொந்தக்காரர் சிலர், காப்புறுதிப் பணத்துக்காகத் தம் கட்டடங்களுக்குத் தாமே தீ வைப்பித்தனர். 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,300 காணித் துண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. வெறுமை என்பதும் சரியல்ல. வெளியிடங்களிலிருந்து லொறிகள் வந்து, குப்பையையும் இறைச்சிக் கழிவையும் அங்கே கொட்டிச் சென்றன.

1984இல் அறநிதியம் ஒன்றும் அவ்விடத்துச் சேவை நிறுவனங்களும் சேர்ந்து இப்பகுதியைச் சீர்செய்ய முன்வந்தன. நல்லெண்ணம் உடையோரே, அதில் ஐயமில்லை. 1985இன் தொடக்கத்தில் தங்கள் திட்டத்தை மக்கள்முன் வைத்தனர். கூட்டம் நடந்தது புனித பத்திரிசியார் ஆலயத்தில். நமக்கும் பழக்கமான பெயர்தான். நிருவாக சபையில் 23 இடங்கள். அவற்றுள் அங்கு குடியிருப்போருக்கு 4. மக்கள் எழுந்து நின்று கேட்டனர்: உங்களில் எத்தனை பேர் இந்த வீதியில் வாழ்கிறீர்கள்? முன்வந்தோர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். தர்மம் செய்வோர் பலர் அப்படித்தான் செய்வர். இவர்களோ திட்டத்தைத் திரும்பப் பெற்றனர். குடியிருப்போரே பெரும்பான்மையாக அமையும்படியும், நால்வகை மக்களுக்கும் தொகை வேறுபாடு பாராமல் சமமான இடங்கள் இருக்கும்படியும் சபை மாற்றப்பட்டது. உதவி பெறுவோரிடம் நன்றியை எதிர்பார்க்கிறோம். வாக்குரிமையை அவர்களுக்குக் கொடுக்க மட்டும் நமக்கு மனம் வருவதில்லை. அங்கு அது நடந்தது பெரிய காரியமே.

1986இல் குப்பை கொட்டுவதற்கு எதிராக இயக்கம் நடத்தினர்; மாநகரசபை அசைந்தது. ஆனால் வீடு கட்டுவதற்கு ஒரு பெருந்தடை இருந்தது. வெறுங்காணிகளுள் நகருக்குச் சொந்தமானவையும் தனியாருக்குச் சொந்தமானவையும் சதுரங்கப் பலகைபோல மாறிமாறிக் கிடந்தன. தனியாருள் பலர் வரியும் கட்டவில்லை, காணியைப் பார்க்க வருவதுமில்லை. 1988இல் நகர அதிகாரசபை, அந்த வெறுங்காணிகளை நட்டஈடு கொடுத்துச் சுவீகரிக்கும் அதிகாரத்தை இம்மக்களின் அமைப்புக்கே வழங்கியது. காணி வாங்குவதற்கு போர்ட் அறநிதியம் 20 இலட்சம் டொலர் கடன் கொடுத்தது.

பிறர் காணியை இப்படி எடுப்பது முறையா? புனித தோமஸ் அக்குவினார் ஒரு வேறுபாட்டைக் காட்டியுள்ளார். பொருளைத் தேடவும் நிருவகிக்கவும் மனிதனுக்குத் தனியுரிமை உண்டு. அதன் பயனையோ பொதுவானதாகவே கருதவேண்டும். பாப்பரசர் ஆறாம் சின்னப்பரும் 1967இல் வெளியிட்ட திருமடலில், பயன்படுத்தாமல் கிடந்து பொதுநலனுக்குக் குந்தகமாகும் பெருநிலங்களைச் சிலவேளை சுவீகரிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார். குப்பைமேடாகக் கிடக்கவிட்ட காணிக்காக அதன் சொந்தக்காரர் கண்ணீர் வடிப்பதில் எனக்கு அதிக அனுதாபம் இல்லை.

எனக்குக் கடினமாகத் தோன்றுவது அடுத்த படியே. எடுத்த காணியை அவர்கள் பங்குபோட்டுக் கொள்ளவில்லை. அது சமூகக் காணி நம்பிக்கைப் பொறுப்பு ஒன்றின் கையில் இருக்கும். வீட்டை வாங்குவோருக்கு வீடு சொந்தம். நிலம் 99 ஆண்டுக் குத்தகை. வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். விற்பதானால் விதித்த அளவுக்கு மேல் விலை கூறமுடியாது. குறைந்த வருமானமுள்ள வேறொரு குடும்பம் அதை வாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். இன்று இவ்வாறு 225க்கு மேற்பட்ட குடியிருப்புகள் அங்குள்ளன. வாடகை வீடுகளும் கூட்டுறவு வீடுகளும் அவற்றுள் அடங்கும்.

இதற்கு ஆதரவான நியாயம் தெளிவானது. ஜோன் ஸ்ருவட் மில் என்னும் தத்துவஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டியதுபோல, நிலத்தின் விலை உயர்வது அநேகமாகச் சொந்தக்காரரின் உழைப்பால் அல்ல. டட்லி வீதியில் குப்பையை அகற்றியவர்கள், கூட்டங்களுக்கு வந்தவர்கள், நகரசபையோடு வாதாடியவர்கள் எல்லோரும் சேர்ந்தே அந்த மண்ணுக்கு மதிப்பை உண்டாக்கினர். விற்றுவிட்டுப் போகும் ஒருவர் அதை முழுவதும் எடுத்துச் செல்வது எப்படி? மேலும், அவர் குறைந்த விலைக்கு வாங்க முடிந்ததே பொதுப்பணத்தின் உதவியால்தான்.

ஆனால் எதிர்வாதத்தையும் அலட்சியம் செய்யலாகாது. புறநகரில் வாழும் செல்வரின் வீட்டு விலையும் பிறர் உழைப்பால்தானே உயர்கிறது? அரசு போட்ட தெருவாலும் அயலிலுள்ள நல்ல பாடசாலையாலும் அவர் இலாபம் அடைகிறார். அவரை யாரும் தடுப்பதில்லை. அமெரிக்காவில் சாதாரண குடும்பத்தின் சேமிப்பு பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. தலைமுறைகளாக வங்கிக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பினத் தாய் ஒருத்தி கடைசியாக ஒரு வீடு பெறும்போது, "உனக்கு மட்டும் இவ்வளவு போதும்" என்று சொல்வது எவ்வகை நீதி?

இதற்கு நான் கண்ட முழுமையான மறுமொழி இல்லை. இந்த வாதம் உண்மையில் குற்றஞ்சாட்டுவது டட்லி வீதியையா, புறநகரையா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அவ்விதியை அவளுக்குச் செல்வர் விதிக்கவில்லை. அவளுடைய அயலவர் சேர்ந்திருந்த சபை விதித்தது, அவளும் அறிந்தே ஒப்பமிட்டாள். அன்று அவளைப்போல வெளியே காத்திருந்த குடும்பங்கள் இன்றும் காத்திருக்கின்றன. றொக்ஸ்பெரியில் இப்போது வாடகையும் விலையும் ஏறி, அங்கேயே பிறந்தோர் வேறிடம் தேடிப்போகும் நிலை வந்துள்ளது. முழு விலைக்கு விற்க விட்டிருந்தால் அந்த 225 வீடுகளும் இதற்குள் கைமாறியிருக்கும்.

முதல் வீடுகள் எழுந்தது 1990களில். அவற்றின் குத்தகை 2090களில் முடியும், புதுப்பிக்கவும் இடமுண்டு. அன்று சபையில் இருந்து தீர்மானிக்கப் போகிறவர்கள் பலர் இன்னும் பிறக்கவில்லை.