ஜும்ஆ உரை: பயணத் தோழமையும் பழிச்சொல்லும்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.



விடுமுறைக் காலம் இது. நம் மஹல்லா இளைஞர்கள் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம். போய் வாருங்கள், தடையில்லை. அல்லாஹ்வின் படைப்பைப் பார்ப்பதும் நண்பர்களோடு உண்டு மகிழ்வதும் ஆகுமானதுதான். ஆனால் அப்படி ஒரு பயணத்தில் நடந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கினேன். யார் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஐந்து நண்பர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒரு சனிக்கிழமை பஜ்ர் தொழுதுவிட்டு வால்பாறைக்குக் கிளம்பினார்கள். கார் ஒருவருடையது. ரேடியேட்டர் ஹோஸில் கசிவு இருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார். போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார் கார்க்காரர். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் ஐந்து பேர், மேலே பைகள், உள்ளே ஏசி. பாதி மலை ஏறுவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது.

இறங்கினார்கள். ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒருவர் தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணலாம் என்றார். ஒரு தம்பி அவசரப்பட்டு, ஒரு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் நூறு டிகிரிக்கு மேலே போனாலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த அந்த நொடியில் பொங்கி மேலே அடிக்கும். அந்தத் தம்பியின் முன்கை வெந்துபோனது. (வாலிபர்களே, இதை மனதில் வையுங்கள். இன்ஜினை நிறுத்துங்கள், அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். அதுவரை அந்த மூடியைத் தொடாதீர்கள்.)

இதுவரை நடந்தது விபத்து. கை புண் ஆறிவிடும், ஹோஸை மாற்றிவிடலாம். அடுத்து நடந்ததுதான் இன்றுவரை ஆறவில்லை.

ஒரு நண்பர் கார்க்காரரைப் பார்த்து, "உன் கஞ்சத்தனத்தால் எங்களைக் கொல்லப் பார்த்தாயா?" என்றார். கார்க்காரர் திருப்பிச் சொன்னார்: "ஓசியில் ஏறி வந்தவனுக்கு என்ன பேச்சு?" அவ்வளவுதான். பழைய கடன் வந்தது, வீட்டுக் கதை வந்தது. கேட்டவர் தன் பையை எடுத்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் கீழே இறங்கிப் போய்விட்டார். இரண்டு வருடமாகிறது. இருவரும் இதே பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகிறார்கள். ஒருவர் இந்தக் கதவு வழியாக வருகிறார், மற்றவர் அந்தக் கதவு வழியாக.

சகோதரர்களே! வாகனம் தடுக்கும்போது நாவில் எது வரவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அபூதாவூதில் வருகிறது. நபியவர்களுக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்து போகிறார். வாகனம் இடறுகிறது. உடனே அவர் ஷைத்தானைச் சபிக்கிறார். நம் கணக்கில் அது தவறில்லை, ஷைத்தானைத்தானே திட்டினார்! ஆனால் நபியவர்கள் தடுத்தார்கள். அப்படிச் சொன்னால் அவன் தன் வல்லமையால்தான் இது நடந்தது என்று ஒரு வீடு அளவுக்குப் பெருத்துவிடுகிறான், பிஸ்மில்லாஹ் சொன்னால் ஈ அளவுக்குச் சுருங்கிவிடுகிறான் என்ற கருத்தைச் சொன்னார்கள். ஷைத்தானைச் சபிப்பதற்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், பக்கத்தில் நிற்கும் நண்பனைச் சபிப்பதற்கு?

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, ஹுதைபிய்யா. சுமார் 1400 ஸஹாபாக்கள் உம்ராவுக்குப் போகிறார்கள். ஒரு மலைக் கணவாயில் நபியவர்களின் ஒட்டகம் கஸ்வா அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதட்டிப் பார்க்கிறார்கள், எழவில்லை. கஸ்வா முரண்டு பிடிக்கிறது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். நபியவர்கள் என்ன செய்தார்கள்? ஒட்டகத்துக்காகப் பேசினார்கள். அது அதன் குணமல்ல, யானைப் படையைத் தடுத்தவனே இதையும் தடுத்திருக்கிறான் என்று விளக்கினார்கள். புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரு பிராணி, ஒருநாள் நின்றுவிட்டது என்பதற்காக அதன் இத்தனை நாள் உழைப்பை மறந்துவிடவில்லை நம் நபி. இருபது வருட நட்பை நாம் ஒரு வளைவில் மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் கார்க்காரர் மீது தவறே இல்லையா? இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகத்தைக் கண்டு, வாயில்லாத இந்தப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்று கண்டித்த நபியின் உம்மத்து நாம். இன்றைக்கு நம் வாகனத்துக்கும் வாயில்லை. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்குதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஐந்து உயிர்களை மலையேற்றுவது தவக்குல் ஆகாது. இரவில் பயணத்தில் தங்கினால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள், அது ஊர்வனவும் விலங்குகளும் நடமாடும் இடம் என்று முஸ்லிம் ஷரீஃபில் ஒரு ஹதீஸ் வருகிறது. யானை கடக்கும் காட்டுப் பாதையில், வளைவுக்கு நடுவே காரை நிறுத்திவிட்டு ஸெல்ஃபி எடுப்பவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளச் சொன்னதன் அருமையும் இந்த இடத்தில்தான் புரிகிறது. ஐந்து பேரும் ஐந்து யோசனை சொன்னார்கள், "பொறு, மூடியைத் தொடாதே" என்று அதிகாரத்தோடு சொல்ல ஒருவர் இல்லை. அமீர் என்றால் முன் ஸீட்டில் உட்காருகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். நபியவர்கள் பயணத்தில் பின்தங்கி வருவார்களாம். நடக்க முடியாதவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொள்வார்களாம்.

இன்னொரு பயணம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்துவிட்டது. தேடுவதற்காக மொத்தப் படையும் நின்றது. அங்கே தண்ணீர் இல்லை, யாரிடமும் தண்ணீர் இல்லை. ஒரு பெண்ணால் இத்தனை பேருக்கும் சிரமம் என்று அபூபக்ர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார்கள். அவர்களும் மகளைக் கடுமையாகக் கண்டித்தார்கள். நபியவர்களோ ஆயிஷா (ரலி) அவர்களின் மடியில் தலைவைத்து உறங்குகிறார்கள். விடிந்தது. தயம்மும் வசனம் இறங்கியது. அபூபக்ரின் குடும்பத்தாரே, உங்களால் கிடைத்த முதல் பரக்கத் அல்ல இது என்று உஸைத் பின் ஹுளைர் (ரலி) மகிழ்ந்தார்கள். ஒட்டகத்தை எழுப்பினால் மாலை அதன் அடியில் கிடக்கிறது! நேற்று இரவு தொல்லையாகத் தெரிந்த அந்தத் தாமதத்தின் பலனைத் தண்ணீரில்லாத இடத்தில் தொழுகிற ஒவ்வொரு முஸ்லிமும் இன்றும் அனுபவிக்கிறார்.

வால்பாறை மலைக்குத் திரும்புவோம். வெந்த கையோடு நின்ற தம்பியைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர் காய்கறி ஏற்றிப் போன ஒரு வேன் டிரைவர். முஸ்லிம் அல்ல. கையில் நல்ல தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றச் சொல்லி, மருத்துவமனை வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். காசு நீட்டியபோது வாங்கவில்லை. மேலதிக வாகனம் வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்று ஒரு பயணத்தில் நம் நபி கட்டளையிட்டார்கள். அதை அன்று செய்து காட்டியவர் அவர். சூரா நிஸாவின் 36வது வசனம் பெற்றோரில் தொடங்கி யார் யாருக்கு நன்மை செய்யவேண்டும் என்று சொல்லிவரும்போது, பக்கத்தில் இருக்கும் தோழரையும் வழிப்போக்கரையும் சேர்த்தே சொல்கிறது. அந்தத் தோழர் என்பது பயணத் தோழரையும் குறிக்கும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். உங்கள் காரில் உங்கள் பக்கத்து ஸீட்டில் இருப்பவருக்கு குர்ஆனில் இடம் இருக்கிறது.

அவரைப் பார்த்துத்தான் "ஓசியில் வந்தவன்" என்று சொன்னோம். செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டி, நோவினை செய்து அழித்துவிடாதீர்கள் என்று சூரா பகராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். நண்பனை ஏற்றிக்கொண்டது நன்மை. ஒரு சொல்லில் போய்விட்டது.

மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து ஒதுங்குவது ஹலால் இல்லை. இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவர். இந்த ஹதீஸில் யார் மீது தவறு என்ற விசாரணையே இல்லை, கவனித்தீர்களா? திங்கள், வியாழன் தோறும் சொர்க்க வாசல்கள் திறக்கப்பட்டு, இணைவைக்காத அடியார்களுக்கு மன்னிப்பு வழங்கப்படுகிறது. பகை கொண்ட இருவரை மட்டும், சமாதானமாகும் வரை விட்டுவையுங்கள் என்று சொல்லப்படுகிறது. இரண்டு வருடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட திங்களும் வியாழனும் போய்விட்டன.

கை வெந்த அந்தத் தம்பிக்கு அடுத்த மாதம் நிக்காஹ். இருவருக்கும் பத்திரிகை கொடுத்திருக்கிறார். எல்லோரையும் ஒரே ஸஹனில் உட்கார வைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறார். கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம். தொழுகை முடிந்ததும் இரண்டு கதவுகளில் ஏதாவது ஒன்றின் பக்கம் ஒருவர் நடந்து போனால் போதும்.

யா அல்லாஹ்! இந்த விடுமுறையில் சாலையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக. அவர்களுக்கு நல்ல தோழமையைக் கொடுப்பாயாக. அன்று வண்டியை நிறுத்தி உதவிய அந்த மனிதருக்கு ஹிதாயத்தையும் நல்வாழ்வையும் தருவாயாக. பேசாமல் பிரிந்திருக்கும் உள்ளங்களைச் சேர்த்து வைப்பாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.