வீடு மாறும் முன் ஒரு அமானிதம்



வீடு மாறச் சாமான் கட்டும்போது, பரணிலிருந்து பக்கத்து வீட்டுத் தேக்சா இறங்கும். "இத்தனை நாள் கேட்கவில்லையே" என்று அதையும் மூட்டையில் கட்டிவிடலாமா?

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் பொருட்கள் நபியவர்களிடமே அமானிதமாக இருந்தன. ஹிஜ்ரத் புறப்படும்போது, அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அலீ (ரலி) அவர்கள் அந்தப் பொறுப்பை முடித்த பின்பே மதீனா புறப்பட்டார்கள்.

எதிரியின் பொருளுக்கே இந்த நிலை என்றால், நோன்புக் கஞ்சி பகிர்ந்த அண்டை வீட்டாரின் பொருள்? அவர் மறந்திருக்கலாம், கேட்க வெட்கப்பட்டிருக்கலாம். அவரது மௌனம் அதை நமக்கு ஹலாலாக்காது.

வண்டி வருமுன் கடை பாக்கியைத் தீருங்கள். மனம் நோகச் செய்திருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். மறுமையில் ஈடு கொடுக்க நம்மிடம் நன்மைகளைத் தவிர வேறொன்றும் இருக்காது.

பிறர் உரிமையைச் சுமக்காமல் பயணிக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.