விடுப்பும் வீடும்

திருநெல்வேலிச் சீமைக்கு வந்த வெள்ளைக்காரப் பாதிரிமார்களைப் பற்றி நம்மிடம் இரண்டே விதமான பேச்சுதான் உண்டு. தமிழுக்குத் தொண்டு செய்தார்கள் என்பது ஒன்று. மதம் மாற்ற வந்தார்கள் என்பது மற்றது. இரண்டையும் கேட்டு அலுத்துவிட்டது. இரு தரப்புக்கும் உள்ள பொதுச் சௌகரியம், அந்த மனிதர்களின் சமையலறையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ, சித்திரை வைகாசியில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைப் பற்றியோ விசாரிக்க வேண்டியதில்லை என்பதே. ஒருவனுடைய தார்மீகத்தை அவனுடைய பிரகடனங்களில் தேடுவதைக் காட்டிலும் அவன் லீவு எடுக்கும் விதத்தில் தேடினால் கூடுதலாக ஏதாவது அகப்படும் என்று எனக்கு ஒரு எண்ணம். வங்கி குமாஸ்தாவுக்கு வரக்கூடிய எண்ணம்தான்.

எங்கள் சர்வீஸ் விதிகளில் லீவ் ஃபேர் கன்செஷன் என்றொரு சலுகை இருக்கிறது. குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வரச் செலவு தருவார்கள். அதற்கு முதலில் சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் பிறந்து பாளையங்கோட்டைக் கிளையிலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. சொந்த ஊர் என்றால் நீ தற்போது இல்லாத ஊர் என்பது விதியின் உள்ளர்த்தம். இந்த அபத்தத்துக்குத் தூரத்து மூதாதை ஒன்று உண்டு. 1924ல் லீ கமிஷன், ஆசியாவைத் தாயகமாகக் கொள்ளாத அதிகாரிகளுக்குச் சர்வீஸ் காலத்தில் நான்கு தடவை கப்பலில் ஊர் போய்த் திரும்பச் செலவு தரவேண்டும் என்று சிபாரிசு செய்தது. மனைவிக்கும் அப்படியே. குழந்தைக்கு மட்டும் ஒரே ஒரு தடவை, அதுவும் ஒருவழிப் பயணம். பிள்ளைகளை ஏழெட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம் என்பதால், போன குழந்தை திரும்பாது என்பதை அரசாங்கமே கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தது. ஏகாதிபத்தியத்தின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி இந்த ஒருவழி டிக்கெட்டைவிட நேர்மையான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

பாதிரிமார்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் இல்லை. ஆனாலும் விடுப்பின் இலக்கணம் ஏறக்குறைய ஒன்றுதான். கால்டுவெல்லை எடுத்துக்கொள்ளலாம். 1838ல் சென்னைக்கு வந்து, 1841ல் நீலகிரி வழியாகக் கால்நடையாகவே திருநெல்வேலிக்கு வந்து, இடையன்குடியில் அமர்ந்தவர். தாமிரபரணியின் தண்ணீர் எட்டாத செம்மணல் தேரிக்காடு அது. ஆற்றங்கரையின் நெல்லும் வாழையும் அக்கிரகாரமும் சைவப் பிள்ளைமாரும் ஒரு திருநெல்வேலி என்றால், பனையும் உடைமரமும் கருப்பட்டியும் இன்னொரு திருநெல்வேலி. அவர் இருந்தது இரண்டாவதில். ஐம்பது வருஷம் இருந்தார். ஆனால் தமிழர்களாகிய நாம் அவரை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணமான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ல் லண்டனில் வெளியானபோது அவர் விடுப்பில் இங்கிலாந்தில் இருந்தார். தரவுகள் எல்லாம் தேரிக்காட்டில் சேர்ந்தவை. அவற்றைக் கோத்துப் புத்தகமாக்க ஒரு தூரம் வேண்டியிருந்தது. நம்முடைய மொழிப் பெருமையின் ஆதார நூல் ஒரு ஹோம் லீவின் விளைச்சல் என்பது யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் அதை மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

தூரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1849ல் அவர் இப்பகுதி நாடார்களைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அது அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிக் கடல் தாண்டி இருக்கும் வாசகருக்கு எழுதிய எழுத்து. நன்கொடை தருகிறவர் மனம் இளக வேண்டும் என்ற நோக்கமும் அதில் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொண்டு ஒருநாள் அதை எடுத்துப் படிப்பார் என்பதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை. படித்தார்கள், கொதித்தார்கள், பிற்பாடு புத்தகத்தை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. இங்கே குடியிருந்துகொண்டு அங்கே உள்ளவர்களுக்கு எழுதுவது என்ற நிலைமையிலேயே இந்தப் பிசகு இருக்கிறது. நல்லெண்ணம் அதைத் திருத்திவிடாது.

எலைசாவின் விஷயம் சிக்கலானது. நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள்; 1844ல் கால்டுவெல்லுக்கு மனைவியானவர். சிறுவயது முதலே தமிழ் காதில் விழ வளர்ந்தவர். கணவர் இலக்கணமாகக் கற்ற தமிழ் இவருக்குப் பேச்சாக வந்தது. தாயார் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னலை இவர் இடையன்குடிக்குக் கொண்டுவந்து, பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். பனையோலை முடைந்த விரல்கள் ஐரோப்பியச் சீமாட்டிகளின் உடுப்புக்கு ஓரம் பின்னின. கையில் கொஞ்சம் காசு வந்தது, எழுத்தும் வந்தது. இந்தப் பெண்மணிக்கு எது சொந்த ஊர்? லீவு விண்ணப்பத்தில் இங்கிலாந்து என்றுதான் இருந்திருக்கும். நம்மில் யாரும் அவரை நாகர்கோவில்காரி என்று சொன்னதில்லை. அவரும் தம்மை அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார். வெள்ளைக்காரன் இங்கே வந்து குடும்பம் நடத்தினால் துரை, அவன் மனைவி துரைசாணி. நம்மவன் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய் மலைத் தோட்டத்தில் குடும்பம் நடத்தினால் கூலி. இரண்டு பேரும் செய்தது, பிறந்த மண்ணை விட்டு ஆசியாவின் வேறொரு மூலையில் உலை வைத்ததுதான். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு, அங்கேயே பிறந்தவர்களுக்கும் சேர்த்து, சர்க்கார் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

கோடைக்கு வருகிறேன். கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், 1845ல். காலராவும் காய்ச்சலும் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போன காலம் அது. பிள்ளைகளைப் புதைத்த தாய்மார் ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு வீடு கேட்டார்கள் என்றால் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளடைவில் தென்ஜில்லா மிஷன்கள் அனைத்துக்கும் அது கோடை வாசஸ்தலமாயிற்று. 1901ல் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியும் வந்தது. ஒருவழிப் பயணத்துக்கு அது ஒரு மாற்று. பத்து மாதம் கீழே ஆசியாவில் வாழ்ந்து, இரண்டு மாதம் மேலே போய்த் தங்கள் நாட்டைப் போன்ற ஒன்றை ஜோடித்துக்கொண்டு வாழ்வது என்று ஆகிவிட்டது. பேரிக்காய் மரம், கணப்பு, படகு, தங்கள் பாஷையில் ஆராதனை. மோட்டார் ரோடு வருவதற்கு முன் அந்த ஜோடனை முழுவதும், பியானோ உட்பட, மனிதர்களின் தோளில்தான் ஏறியது. நாற்காலியில் உட்கார்ந்து போனவர்கள் கடிதம் எழுதினார்கள்; தூக்கிப் போனவர்கள் எழுதவில்லை.

இடையன்குடியில் அந்த மாதங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? பனை ஏற்றம். பாளை விட்டுப் பதநீர் சுரக்கிற உச்சப் பருவமே வெயில் காலம்தான். பனையேறி காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கவேண்டும். பாளையை அன்றாடம் சீவாவிட்டால் சுரப்பு நின்றுபோகும். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். இறக்கியதை அன்றைக்கே விடிலியில் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்காவிட்டால் புளித்துப்போகும். லீவு என்ற கருத்துக்கே அங்கு இடமில்லை. மரம் லீவு தராது. மேய்ப்பன் மலையேறுகிற மாதமும் மந்தை மரமேறுகிற மாதமும் ஒன்றாக இருந்தது தற்செயல். அந்தத் தற்செயலை இரு தரப்பும் ஐம்பது வருஷம் இயற்கை நியதியாக ஏற்றுக்கொண்டது தற்செயலாகாது.

இதற்கு எதிர்த்துருவமாக ஒருவரைக் காட்டுவார்கள்: டோனாவூரின் ஏமி கார்மைக்கேல். 1895ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951ல் சாகும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. சேலை உடுத்தினார். கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தார். அம்மா என்று அழைக்கப்பட்டார். அவரும் மலைக்குப் போனவர்தான். 1917ல் மேற்கு மலையில் ஒரு காட்டு நிலத்தை வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். கொடைக்கானலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே விடுமுறை என்பது வீட்டிலிருந்து தப்பிப்பது இல்லை, வீடே மலையேறுகிறது. ஆனால் இதை வைத்து அவரைத் துறவின் சிகரத்தில் ஏற்றிவிடவும் எனக்கு மனமில்லை. தான் போகாதவர், மற்றவர்களும் போகாமலிருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். 1916ல் அவர் கூட்டிய சகோதரிகள் குழு மணவாழ்வு வேண்டாம் என்று ஏற்றுக்கொண்டவர்களின் குழு. எல்லோரும் தியாகம் செய்கிற வீட்டில் ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பார்த்து, எனக்கு வேறொரு வாழ்க்கை வேண்டும் என்று நினைத்தால் அந்த நினைப்பே துரோகமாகத் தெரிந்திருக்கும். தன் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவரிடம் அடக்கம் இருந்தது. பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த அடக்கத்தின் பாரத்தைப் பிறரும் சுமந்தார்கள்.

ஆக, போய்விடக்கூடியவன் உண்மையாக இங்கே வாழ்ந்தானா என்ற கேள்வியே கோணலாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குள், போக முடியாமல் கிடப்பதுதான் உண்மையான வாழ்க்கை என்றொரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் சிறைக்கைதிதான் உத்தமமான குடிமகன். தமிழில் விடு என்ற ஒரே வேரிலிருந்துதான் விடுப்பும் வருகிறது, வீடும் வருகிறது. வீடு என்றால் குடியிருக்கும் மனை, வீடு என்றால் மோட்சம். கால்டுவெல் போன்ற வேர்ச்சொல் வேட்டைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. போகவும் இருக்கவும் இரண்டுக்கும் உரிமையுள்ள இடமே வீடு என்று வைத்துக்கொள்கிறேன். இடையன்குடியில் கால்டுவெல் குடும்பத்துக்கு இரண்டு உரிமையும் இருந்தது. பனையேறிக்கு இருக்கும் உரிமை இருந்தது, போகும் உரிமை இல்லை. அவர்களை நான் கேட்கும் கேள்வி ஏன் போனீர்கள் என்பதல்ல. அந்த உரிமையில் ஒரு பங்கை யாருக்காவது கொடுத்தீர்களா என்பதுதான். லேஸ் பின்னிய பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் போன பையனுக்கும் கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். அந்தப் பையனின் பேரன்மார் பலர் பின்னாளில் கப்பலும் விமானமும் ஏறினார்கள்.

இரண்டு உரிமையும் இல்லாதவர்களும் இதே ஜில்லாவில் உண்டு. 1929ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு மலையை எடுத்தது பாம்பே பர்மா கம்பெனி. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி: தாமிரபரணியில் சேரும் மணிமுத்தாறு பிறக்கிற மலை. துரைமார்களுக்கு அது வருஷம் முழுவதும் கோடை வாசஸ்தலம். கீழிருந்தும் கேரளத்திலிருந்தும் கூட்டிவரப்பட்ட, பெரும்பாலும் தலித்துகளான தொழிலாளிகளுக்கு லைன் வீடு. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள், சட்டப்படி ஒருநாளும் அங்கே 'வசித்தவர்கள்' இல்லை. 1999 ஜூலை 23ந் தேதி திருநெல்வேலியில் அவர்களுக்காக நடந்த ஊர்வலம் போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் தள்ளப்பட்டு 17 பேர் செத்தார்கள். 2024ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று நோட்டீஸ் ஒட்டியது. விருப்பம் என்ற சொல்லை இதற்குமேல் கேவலப்படுத்த முடியாது.

கால்டுவெல் வாழ்ந்த வீட்டை 2011ல் தமிழக அரசு நினைவில்லம் ஆக்கிற்று. சரியான காரியம்தான். அவர் இறந்தது கொடைக்கானலில், 1891 ஆகஸ்ட் 28ந் தேதி. அடக்கம் செய்தது இடையன்குடியில். அவர் நம்மவர் என்பதற்கு இந்தக் கல்லறையை அத்தாட்சியாகக் காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். செத்த பிறகு மலையிலிருந்து இறங்கி வந்தது அத்தாட்சி என்றால், உயிரோடு இறக்கிவிடப்பட்டவர்கள் எதற்கு அத்தாட்சி? மாஞ்சோலைக்கு மேலே போக வெளியூர்க்காரர்கள் மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறையின் அனுமதி பெறவேண்டும். ஊத்தில் பிறந்து, இப்போது கீழே விக்கிரமசிங்கபுரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒருவர், முழுப்பரீட்சை லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தான் பிறந்த லைன் வீட்டைக் காட்டப் போனால், சாவடியில் அவரைச் சுற்றுலாப் பயணி என்ற கணக்கில்தான் சேர்ப்பார்கள்.