நல்ல மனம் மட்டும் போதுமா?



உங்கள் மகள் சமூகப்பணி உத்தியோகத்தராக இருக்கலாம். அல்லது நீங்களே பங்கின் வின்சென்ட் டி போல் சபையில் அங்கத்தவராயிருந்து, ஏழைகளின் வீடுகளைத் தரிசிப்பவராக இருக்கலாம். அப்படியாயின் இக்கேள்வி உங்களுக்குரியது. நல்ல மனத்தோடு பிறருக்கு உதவுபவரின் பணியை இன்னொருவர் மேற்பார்வை செய்ய வேண்டுமா? அது அவர்மீது அவநம்பிக்கை கொள்வதாகாதா?

மேற்பார்வை என்றதும் தோட்டத்துக் கங்காணியும், கந்தோரில் வரவுப் பதிவேட்டைப் புரட்டும் மேலதிகாரியுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். சமூகப்பணியில் அச்சொல்லின் பொருள் வேறு. குறித்த காலத்துக்கு ஒருமுறை அனுபவம் மிக்க ஒருவர் பணியாளரோடு தனியே அமர்கிறார். அவர் பொறுப்பிலுள்ள குடும்பங்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். என்ன கண்டீர்? என்ன செய்தீர்? ஏன் அப்படிச் செய்தீர்? அது உம்மை எவ்வாறு பாதித்தது? அல்பிரட் கடூஷின் என்ற அமெரிக்க அறிஞர் 1976இல் வெளியிட்ட நூலில் இதற்கு மூன்று கடமைகளை வகுத்தார்: பணி ஒழுங்காக நடக்கிறதா எனப் பார்ப்பது, பணியாளருக்குக் கற்பிப்பது, அவரைத் தாங்குவது.

இம்மூன்றும் நமக்குப் புதியவையா? மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவர் அப்போஸ்தலரை இருவர் இருவராக அனுப்புகிறார். அவர்கள் திரும்பி வந்து, செய்தவை, கற்பித்தவை யாவற்றையும் அவருக்கு அறிவிக்கிறார்கள். அவர்களுக்கு உண்ணவும் நேரமில்லாதிருப்பதைக் கண்ட அவர், தனிமையான இடத்துக்குச் சென்று சற்று இளைப்பாறும்படி சொல்கிறார். அனுப்பியவர் கணக்கும் கேட்டார், களைப்பையும் கவனித்தார்.

1833இல் பாரிஸ் நகரில் ஒசானாமும் நண்பர்களும் வின்சென்ட் டி போல் சபையைத் தொடங்கியபோது அவர்கள் இளம் மாணவர்கள். ஆர்வம் இருந்தது, அனுபவம் இல்லை. ஏழைகள் மத்தியில் பல்லாண்டு உழைத்த சகோதரி ரோசலி ரெண்டுவிடம் அவர்கள் சென்றார்கள். அவரே அவர்களைக் குடும்பங்களிடம் அனுப்பினார். எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என வழிகாட்டினார். ஒசானாம் 1997இலும், ரோசலி 2003இலும் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தப்பட்டார்கள். வழிகாட்டலைக் கேட்டு நடந்ததால் ஒசானாம் சிறுமைப்படவில்லை.

ஏன் இது அவசியம்? ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். குடிகாரத் தந்தையால் சிறுவயதில் துன்புற்றவர். இன்று குடிப்பழக்கமுள்ள ஒருவரின் வீட்டுக்கு உதவியாளராகச் செல்கிறார். அந்த மனைவியின் முகத்தில் அவர் தம் தாயையே காண்கிறார். கணவன் திருந்த எடுக்கும் முயற்சி அவர் கண்ணுக்குப் படுவதில்லை. அவர் பொய்யரல்லர், கெட்டவருமல்லர். கண் எல்லாவற்றையும் பார்க்கும், தன்னை மட்டும் பாராது. இதனாற்றான் புனித தோமஸ் அக்குவினார், பிறரிடம் கற்கும் பணிவை விவேகம் என்னும் புண்ணியத்தின் ஒரு பகுதியாக வைத்தார். விவேகத்தைப் பொறுத்தவரை எவரும் தமக்குத் தாமே போதுமானவரல்லர் என்பது அவர் போதனை.

மேற்பார்வை தவறும்போது விலை கொடுப்பவர் யார்? ஐவரி கோஸ்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, தன்னைப் பொறுப்பேற்றிருந்தோரின் கொடுமையால் 2000 பெப்ரவரியில் லண்டனில் இறந்தாள். வைத்தியசாலைகளும் பொலிசாரும் சமூகசேவைப் பகுதியினரும் அவளை அறிந்தேயிருந்தனர். லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003இல் வெளிவந்தது. அவளுக்குப் பொறுப்பாயிருந்த பணியாளர் அனுபவம் குறைந்தவர், வேலைப்பளு மிக்கவர், தகுந்த மேற்பார்வை கிடைக்காதவர் என்பதை அது வெளிக்கொணர்ந்தது. கீழே நின்றவர்மீது மட்டும் பழியைப் போடாமல், மேலே இருந்தோரின் தவறையே அது கடுமையாகச் சாடியது. யாராவது ஒருவர் அமர்ந்து, "அந்தப் பிள்ளையோடு தனியே பேசினீரா?" என்று கேட்டிருக்கலாகாதா?

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. நம்பிச் சொன்ன இரகசியத்தை மேற்பார்வையாளரிடம் சொல்வது துரோகமாகாதா? இங்கே வேறுபாடு அறிதல் வேண்டும். பாவசங்கீர்த்தன இரகசியம் எவருக்கும் எக்காரணத்துக்காகவும் திறக்கப்படலாகாது. சமூகப்பணியாளர் காக்கும் இரகசியமோ, சொன்னவரின் நன்மைக்காகக் காக்கப்படுவது. ஆகையால், வழிகாட்டும் ஒருவரோடு தாம் இதைக் கலந்து பேசக்கூடும் என்பதை முதலிலேயே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசலாகாது. கேட்பவரும் அவ்விரகசியத்துக்குக் கட்டுப்பட்டவரே. இவ்வாறு செய்வது துரோகமன்று. அயலவரோடு கதைத்துப் பாரத்தை இறக்கிவைப்பதே துரோகம். பேசுவதற்கு உரிய இடம் இல்லாதவரே பெரும்பாலும் உரியதல்லாத இடத்தில் பேசிவிடுகிறார்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இல் முடிந்த போரின் காலத்திலும், நம் இளையோர் எத்தனை பேர் குறுகிய பயிற்சியோடு முகாம்களுக்குச் சென்று பிறர் துயரைக் கேட்டார்கள்! அவர்கள் கேட்டவற்றை அவர்களிடமிருந்து யார் கேட்டார்கள்? சிலர் இன்றும் அச்சுமையைத் தனியே சுமக்கிறார்கள்.

எனவே, பொறுப்பிலிருப்போரே, படிவங்களை எண்ணுவதோடு உங்கள் மேற்பார்வை முடிந்துவிடலாகாது. தவறை ஒளிக்கச் செய்யும் அச்சத்தை அது உண்டாக்கவும் கூடாது. பணியாளரே, கேள்வி கேட்கப்படுவதை அவமானமாக எண்ணாதீர். குடும்பத்தவரே, உங்கள் பிள்ளை சோர்ந்து வீடு வரும்போது, பிறர் வீட்டுக் கதையைத் துருவிக் கேளாதீர்கள். "உன்னை விசாரிக்க ஆள் இருக்கிறார்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

உதவி தேடி வருபவர் நம் நல்ல மனத்தைச் சோதித்துப் பார்க்கும் களமல்லர், கிறிஸ்துவின் சாயல். அவரைத் தனியொருவரின் நல்ல மனத்துக்கு மட்டும் விட்டுவிட நமக்கு உரிமையில்லை.