மூன்றாம் கட்டு

பழைய வீடொன்றைச் சுற்றிப் பார்த்து மகிழ்வது பகுத்தறிவாளனுக்கு அடுக்குமா? அதன் கூடத்தில் இலை போட்டுப் பரிமாறும் வெள்ளைப் பணியாரத்தையும் கோழி வறுவலையும் சுவைத்துண்பது பழமைக்கு அடிபணிவதாகுமா? ஆம் என்றே எண்ணும் இளைஞர் உளர். பழமை என்றாலே அவர்கள் முகம் சுளிக்கும். மற்றொரு சாராரோ, கேள்வி கேட்கும் பழக்கத்தைச் செருப்போடு வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைகின்றனர். இரு சாராரையும் கானாடுகாத்தானுக்கு அழைக்கிறேன்.

காரைக்குடியை அடுத்த அவ்வூரிலும் சுற்றூர்களிலும் நகரத்தார் கட்டிய வீடுகள் சில, இன்று பார்வைக்குத் திறந்திருக்கின்றன. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள்! சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவர், தொட்டால் பளிங்கு. காலடியில் ஆத்தங்குடிப் பூக்கல். முற்றத்தைச் சுற்றிப் பர்மாத் தேக்குத் தூண்கள். கோடையிலும் குளிர்ச்சி. கொத்தனின் கைத்திறனும் தச்சனின் கணக்கும் எந்தப் புராணத்திலிருந்தும் குதித்தவையல்ல. அவற்றை வியக்க நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆனால் முகப்போடு நின்றுவிடலாமா? "தூண் பர்மாவிலிருந்து வந்தது" என்கிறார் வழிகாட்டி. வந்ததாம்! தானாகவா நடந்து வந்தது? வட்டித் தொழிலில் ஈட்டிய பொருள் அதைக் கொணர்ந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல், நகரத்தார் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன்பட்ட உழவன் நிலத்தை இழந்தான். 1938-இல் அந்தப் பங்கு 25 ஆயிற்று. எட்டே ஆண்டுகள்!

கொள்ளையர் என ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடலாம், அது நேர்மையன்று. வெள்ளையர் வங்கி ஏறெடுத்தும் பாராத உழவனுக்குக் காடு திருத்த முதல் தந்தவர்கள் அவர்களே. விலை வீழ்ச்சியும் அவர்கள் செய்ததன்று. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது அவர்களும் ஓடிவந்தனர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. இவ்வீடுகளிற் பல அந்த மந்தத்துக்கு முன்பே எழுந்தவை என்பதும் மெய். எனினும் அவற்றை எழுப்பிய பணம் அதே கணக்கேடுகளிலிருந்து வந்தது. வழிகாட்டியின் பேச்சில் அந்தப் பர்மிய உழவனுக்கு ஒரு சொல்லேனும் இடம் வேண்டாமா?

இனி உள்ளே வாருங்கள். முகப்பும் பட்டாலையும் ஆடவர் அமர்ந்து பேசிய இடங்கள். வளவு கடந்து, இரண்டாம் கட்டும் கடந்தால், மூன்றாம் கட்டு. அம்மி, உரல், அடுப்பு. கடல் கடந்து சென்ற ஆடவன் மூன்றாண்டுத் தவணை முடித்துத் திரும்பும்வரை, குடும்பத்தைக் கட்டிக் காத்த பெண்களும், அவர்களுக்காக அரைத்தும் இடித்தும் கை காய்த்த வேலைக்காரப் பெண்களும் வாழ்ந்த இடம் அது. நாம் நாவில் வைத்துப் புகழும் 'மரபு' பிறந்ததும் அங்கேதான்.

தூய மரபு என்பாரும் அங்கே சற்று நிற்கட்டும். வறுவலுக்குக் காரம் தரும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்துச் செடி. அன்னாசிப்பூ சீனத்து மணம். இனிப்புக்குரிய கவுனி அரிசியோ பர்மாவிலிருந்து வந்ததென்று செட்டிநாட்டாரே சொல்வர். அயலார் பொருளைக் கலந்தே உயர்ந்த அடுக்களை அது. உரலுக்குத் தெரிந்த இவ்வுண்மை உயர்குலப் பெருமை பேசுவோருக்குத் தெரியவில்லை!

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய வீடுகளின் தூணும் கதவும் தனித்தனியே விலைக்கு நிற்கின்றன. எழில் மட்டும் போதுமென்றால் ஒரு தூணை வாங்கி விடுதியின் வாயிலில் நட்டுவிடலாம். கணக்கும் வேண்டுமென்றால் முகப்பு முதல் அடுப்படிவரை வீடு முழுதும் நிற்க வேண்டும். ஆகவேதான் இவற்றைக் காக்க வேண்டுமென்கிறேன்.

போய்ப் பாருங்கள், தோழர்களே! வயிறார உண்ணுங்கள். இலைக்குக் கொடுத்த காசில், பின்கட்டில் புகையில் நின்று ஆக்கியவளுக்கு எவ்வளவு சேர்கிறது என்றும் கேளுங்கள். கேட்டால் சுவை குறைந்துவிடுமோ என அஞ்சாதீர்கள், எனக்குக் குறைந்ததில்லை.