குயிலின் மேல் குற்றமுண்டோ?

பங்கு இல்லத்திலிருந்து கண்மாய்க்கரை வரை சென்று திரும்புவது நமது மாலை வழக்கம். கரையில் வேம்பும் புங்கும் நிரையாக நிற்கின்றன. இடையே ஒரு பனை. அதைத் தழுவியவாறு ஓர் ஆல். என்றோ ஒரு பறவையின் எச்சத்தில் வீழ்ந்த விதை, மட்டையின் இடுக்கில் முளைத்து, வேரை நிலத்துக்கு இறக்கியிருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆல் தழைக்கும், பனை ஒடுங்கும். ஆலைக் கொடியவன் என்று எவரும் ஏசுவதில்லை.

சென்ற ஆனி மாதத்தில், அக்கரையின் வேம்பொன்றில் காகம் ஒன்று குயில் குஞ்சுக்கு இரையூட்டக் கண்டோம். குஞ்சு வாயைப் பிளந்து, சிறகு நடுங்கக் கெஞ்சியது. காகம் ஓயாது பறந்து பறந்து ஊட்டியது. குயில் தனக்கெனக் கூடு கட்டுவதில்லை. பழுப்பு நிறமும் வெண்புள்ளிகளும் கொண்ட பெண்குயில், காகத்தின் கூட்டில் முட்டையிட்டு அகன்றுவிடும். அம்முட்டை காக முட்டைக்கு முன்னரே பொரிவதால், குயில் குஞ்சு இரையை முந்திப் பெறுகிறது.

இக்காட்சி நம்மை நாணச் செய்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், அன்னையின் கடமை குறித்து மறையுரை ஆற்றினோம். பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் விட்டுச் செல்பவளுக்குக் குயிலை உவமை காட்டினோம். திருப்பலி முடிந்தபின் இளம் கைம்பெண் ஒருவர் வந்து, "சாமி, நான் அந்தக் குயில்தானா?" என்று கேட்டார். "உவமைதானே அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பிள்ளையைத் தம் தமக்கையிடம் விட்டு, வெளியூரில் வேலை செய்து, மாதந்தோறும் பணம் அனுப்பியவர் அவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். விடுமுறைக்கு ஊர் வந்தபோதும் அவர் கோவிலுக்கு வரவில்லை. நாமும் அவர் வீடு தேடிச் செல்லவில்லை. மாற்றல் வந்தது, புறப்பட்டுவிட்டோம்.

நமது பிழை யாது? அறிவும் மனச்சுதந்திரமும் கூடிய செயலே ஒழுக்கத்தின் தராசில் ஏறும் என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் தெளிவுறுத்திய பாடம். குருமடத்தில் அதைக் கற்றுத் தேர்ந்த நாமே, மேடையில் ஏறியதும் மறந்தோம். குயில் வஞ்சிப்பதில்லை; அது தன் இயல்பில் நிற்கிறது. அவ்வியல்பு தலைமுறை தலைமுறையாக எவ்வாறு உருவாகியிருக்கக் கூடும் என்று 1859-இல் வெளிவந்த தம் நூலில் டார்வின் ஆராய்ந்தார்.

குயிலைப் பழித்தால் காகத்தைப் புகழத்தானே வேண்டும் என்பீர்கள். இனத்தைக் கரைந்தழைத்து உண்ணும் காகத்தை வள்ளுவரும் எடுத்துக்காட்டினார். ஆயின் அதே காகம் பிற பறவைகளின் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் கவர்கிறது. வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு, அதை இயற்கையின் சான்று என்று நாம் நீட்டுகிறோம். தீர்ப்பு முன்னரே நம் உள்ளத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. பறவை பொய்ச்சாட்சியாக அழைக்கப்படுகிறது.

காகம் தான் யாரை வளர்க்கிறோம் என்று அறியாது. அந்தத் தமக்கையோ, யாருடைய பிள்ளை என்று அறிந்தே வளர்த்தார். தாயும் அறிந்தே, அழுதே பிரிந்தார். அவ்வறிவில்தான் அவர்களது அறம் இருந்தது. நமது உவமை அதைத் துடைத்தெறிந்து, இருவரையும் பறவைகளாக்கிவிட்டது.

அவ்வாறாயின் பறவைகளிடம் கற்க ஒன்றுமே இல்லையோ? உண்டு. ஆண்டவரும் வானத்துப் பறவைகளை நோக்குமாறு பணித்தார். அது நம் கவலை நீங்குவதற்காக. அயலாரைத் தீர்ப்பிடுவதற்காக அன்று. நோக்குவதற்குப் பொறுமை வேண்டும். கண்மாய்க்கரையில் அரைமணி நேரம் அசையாது நின்று ஒரு குஞ்சைப் பார்த்த நாம், அன்று அப்பெண்மணியின் முகத்தை அரை நிமிடமேனும் பார்த்தோமில்லை.

அவருக்கு ஒரு மடல் எழுதி வைத்திருக்கிறோம். முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.